கெவ்லர் வள்ளத்தின் அடியில் கீறல்: எதைத் தொடுறது, எதை விடுறது?

துடுப்புக்காரன் (ஸ்காபரோ)

வணக்கம். 17 அடி கெவ்லர் (பலமான செயற்கை நூல்) வள்ளம், 42 இறாத்தல், ஜெல்கோற் (வெளியாலை போடுற நிறப் பூச்சு) இல்லாத வகை. மஞ்சள் துணி வெளியாலை அப்பிடியே தெரியும். ஒன்ராறியோவிலை கில்லார்னிக் கல்லிலையும் தண்ணி வத்தின ஓடைகளிலையும் உரசி அடிப்பக்கம் இப்ப இப்பிடிக் கிடக்கு:

அடி முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடுகள், எண்ண ஏலாது. நகத்தாலை இழுத்தால் மாட்டாது. நடுவிலை ரெண்டு ஆழமான கீறல். ஒண்டு 40 சென்ரிமீற்றர், மற்றது 25. நகம் நல்லா மாட்டுது. நீளமானதிலை ஒரு விரலளவு இடத்திலை நூல் பஞ்சு மாதிரி வெளியிலை நிக்குது. அணியத்துக்கு (முன்முனைக்கு) கீழை, கரையிலை ஏத்தேக்கை முதல்லை முட்டுற இடத்திலை உள்ளங்கையளவு தேய்வு.

மச்சான்ரை வள்ளமும் இருக்கு. அது பைபர்கிளாஸ், பச்சை ஜெல்கோற். ஒரு 25 சதக் குத்தியளவுக்கு ஜெல்கோற் உடைஞ்சு விழுந்திட்டுது, சுத்திவர மெல்லிய வெடிப்புகள்.

80 நம்பர் சாண்ட்பேப்பராலை எல்லாத்தையும் தேய்ச்சு, கார் பொடி பில்லர் (காரிலை நெளிவு நிரப்புற பசை) பூசி, மேலை ஸ்பிறே கிளியர் அடிச்சால் போதுமோ? இல்லாட்டி அடி முழுக்க றெசின் (நூலை இறுக்கிப் பிடிக்கிற பிசின்) ஒரு பூச்சுப் பூசிறதோ? கராஜுக்கை ஹீற்றர் இல்லை எண்டதையும் சொல்லிப்போட்டன்.

கல்லாறு

80 நம்பரை முதல்லை கீழை வையுங்கோ தம்பி. கெவ்லரைக் கெடுக்கிறது கல்லை விட சாண்ட்பேப்பர்தான். கண்ணாடி நூல் (பைபர்கிளாஸ்) தேய்ச்சால் முறிஞ்சு தூளாப் போகும். கெவ்லர் நூல் முறியாது, நீளப்பாட்டிலை பிளந்து பஞ்சாய் எழும்பும். அந்தப் பஞ்சை எடுக்கத் திரும்பத் தேய்ச்சால் பக்கத்து நூலும் எழும்பும். முடிவே இல்லாத வேலை.

எதைத் தொடுறது எண்டு பார்க்க ஒரு சுகமான வழி இருக்கு. அடியை ஈரத்துணியாலை துடையுங்கோ. தண்ணி பட்ட உடனை மறையிற கோடெல்லாம் மேல் றெசினுக்கை மட்டும் நிக்கிற கீறல். கீறலின்ரை சொரசொரப்பிலை வெளிச்சம் சிதறுறதாலைதான் அது வெள்ளையாத் தெரியுது, துணிக்கு ஒண்டும் ஆகேல்லை. தண்ணி பட்டுக் கறுக்கிற இடம் வேறை. அங்கை நூல் திறந்து கிடக்கு, தண்ணியைக் குடிக்குது. உங்கடை வேலை அந்த இடங்களிலை மட்டும்தான்.

மெல்லிய கோடுகளை விடுங்கோ. முழுக்கப் பூசினால் என்ன நடக்கும் எண்டதைக் கணக்காப் பாருங்கோ: 17 அடி வள்ளத்தின்ரை வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 5 சதுர மீற்றர். 0.1 மில்லிமீற்றர் தடிப்பிலை பூசினாலே அரை லீற்றர் றெசின், 1¼ இறாத்தலுக்குக் கிட்ட. கையாலை பூசிறவை அந்த மெல்லிசிலை நிப்பாட்ட மாட்டினம், ரெண்டு மடங்காப் போகும். போட்டேஜிலை (தண்ணிக்குத் தண்ணி தரையாலை காவேக்கை) தோளிலை தூக்கத்தானே காசு குடுத்து 42 இறாத்தல் வள்ளம் வாங்கினது. அடுத்த ஓகஸ்ட் தண்ணி வத்தேக்கை புதுப் பூச்சிலையும் அதே கோடுகள் வரும்.

பொடி பில்லர் வேண்டாம். அது பொலியெஸ்ரர் றெசினுக்கை தல்க் மாவைக் கலந்தது. தண்ணி உறிஞ்சும், வள்ளம் வளையேக்கை வளையாது, விளிம்பாலை கழரும். உங்கடையிலை மஞ்சளுக்கு மேலை சாம்பல் திட்டாவும் தெரியும். ஸ்பிறே கிளியர் கீறலை நிரப்பாது, மினுக்கி மட்டும் விடும்.

ஆழமான ரெண்டு கீறலுக்கும் எப்பொக்சி (ரெண்டு பாகம் கலந்தால் இறுகிற றெசின்). வள்ளம் வினைல் எஸ்ரர் றெசினிலை செய்ததோ எப்பொக்சியிலை செய்ததோ எண்டு தெரியாட்டியும் பரவாயில்லை, காய்ஞ்ச எதிலையும் எப்பொக்சி பிடிக்கும். துணி தெரியிற வள்ளத்துக்கு நிறமில்லாத ஹாடினர் (றெசினை இறுக வைக்கிற பாகம்) வேணும். வெஸ்ற் சிஸ்ரம் 105 றெசினும் 207 ஹாடினரும் தெளிவாக் காயும். அளவு 3:1, இது கன அளவு. தராசிலை வைச்சு 3:1 நிறுத்தால் பிழை. ரெண்டு சிறிஞ் எடுத்து 9 மில்லி றெசின், 3 மில்லி ஹாடினர். கீறல் 5 மில்லிமீற்றர் அகலம், அரை மில்லிமீற்றர் ஆழம் எண்டால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 2.5 மில்லிதான் முடியும். ஆக 12 மில்லி ரெண்டு கீறலுக்கும் தாராளம், மிச்சம் அணியத்துக்கு.

வள்ளத்தைக் கவிட்டு, கீறல் மட்டமா மேலை பார்க்கிற மாதிரிச் சரிச்சு வையுங்கோ. சரிவிலை நிண்டால் றெசின் ஒரு பக்கம் வழிஞ்சு மற்றப் பக்கம் குழியா நிக்கும். பாத்திரம் கழுவுற சவர்க்காரத்தாலை கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கோ. திறந்த நூலுக்கை ஈரம் இருந்தால் றெசின் பால் மாதிரி வெளுக்கும். பேந்து 99 வீத ஐசோபுறோப்பைல் அல்ககோலாலை துடையுங்கோ. மெழுகு, பாதுகாப்பு ஸ்பிறே எதுவும் முந்திப் போட்டிருந்தால் தேய்க்க முதலே அதை எடுக்க வேணும். தேய்ச்சாப் பிறகு எண்டால் அந்த மெழுகைக் கீறலுக்கை ஏத்தினதுதான் மிச்சம்.

கீறலின்ரை ரெண்டு பக்கத்திலையும் உள்ள றெசினை மட்டும் 150 நம்பர் தாளை மடிச்சு, மினுக்கம் போறவரைக்கும் மெல்லத் தேயுங்கோ. நூல் தெரியிற இடத்துக்குத் தாள் போகக்கூடாது. ரெண்டு விளிம்பிலையும் 3 மில்லிமீற்றர் விட்டு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கோ.

பஞ்சு நிக்கிற இடத்திலை வெட்டாதேங்கோ. றெசினைத் தூரிகையாலை தொட்டு, நூல்கள் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிறவரைக்கும் படுக்க வைச்சு அமத்துங்கோ. மேலை ஒரு துண்டு பொலித்தீன் வைச்சு விரலாலை நீவினால் எல்லாம் படுத்திடும். மற்றக் கீறலைச் சும்மா நிரப்பி, சுத்திவர இருக்கிற மட்டத்துக்கு ஒரு மயிரளவு மேலை விடுங்கோ. றெசின் ஜெல்லி மாதிரி வரேக்கை ரேப்பை இழுத்தெடுக்க வேணும். முழுக்கக் காயவிட்டால் ரேப்பும் உள்ளுக்கை ஒட்டிடும்.

அடுத்த நாள் மேடா நிக்கிறதை வெட்டி எடுக்கத் தாளை விடச் சவர அலகு நல்லது. அலகின்ரை ரெண்டு முனையிலும் ஒரு சுத்து செலோரேப் ஒட்டுங்கோ. நடுப்பகுதி மட்டும்தான் வெட்டும், ரேப் வள்ளத்திலை வழுக்கிக்கொண்டு போகும், சுத்தியிருக்கிற பூச்சிலை கீறல் விழாது. கடைசி மயிரளவைத் தண்ணி போட்டு 320, 400 தாளாலை தேயுங்கோ. நாலைஞ்சு நாள் கழிச்சு யூவீ தாங்குற ஸ்பார் வாணிஷ் ரெண்டு பூச்சு, அந்தக் கோட்டுக்கு மேலை மட்டும். எப்பொக்சி வெய்யிலிலை சோக் மாதிரி வெளுத்துப் போகும், கெவ்லரும் வெய்யிலிலை பழுத்துப் பலம் இழக்கும். இந்த வாணிஷை விடக்கூடாது.

கராஜ் 16 பாகைக்குக் கீழை எண்டால் அண்டைக்குக் கலக்காதேங்கோ. ஹீற்றர் வைக்கிறது எண்டால் மின்சார ஹீற்றர். புரொப்பேன் அடுப்பு மாதிரி எரியிறது ஈரத்தையும் கரியமிலவாயுவையும் விடும், மேலை பிசுபிசுப்பு வரும். முதல்லை வள்ளத்தைச் சூடாக்கி, ஹீற்றரை நிப்பாட்டி, சூடு இறங்கேக்கை பூசுங்கோ. ஏறேக்கை பூசினால் துணிக்கையிருக்கிற காத்து விரிஞ்சு குமிழி குமிழியா வெளியிலை வரும்.

நீரோடி

அண்ணை எழுதியது ஜெல்கோற் இல்லாத வள்ளத்துக்கு. பச்சை வள்ளத்துக்கு முறை வேறு. பலர் ஜெல்கோற் உடைந்த இடத்தை எப்பொக்சியால் நிரப்பிவிட்டு மேலே ஜெல்கோற் பூசப் பார்க்கிறார்கள். பிழை அங்கேதான் வருகிறது. பொலியெஸ்ரரில் எப்பொக்சி பிடிக்கும். எப்பொக்சியில் பொலியெஸ்ரர் ஜெல்கோற் சரியாகப் பிடிக்காது. காயாமல் ஒட்டிக்கொண்டும் நிற்கும். ஆகவே ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்: முழுக்க ஜெல்கோற்றால் நிரப்புவதா, அல்லது எப்பொக்சியால் நிரப்பி மேலே பச்சைப் பெயின்ற் அடிப்பதா. 25 சதக் குத்தியளவுக்கு ஜெல்கோற் போதும்.

உடைந்த இடத்தை விட அந்த மெல்லிய வெடிப்புகள்தான் முக்கியம். அவை வந்தால் அந்த இடம் அளவுக்கு மீறி வளைந்திருக்கிறது. முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். பைபர்கிளாஸில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, நாணயத்தால் தட்டும்போது மற்ற இடத்தில் "டிக்" என்றும் அங்கே மட்டும் "டொக்" என்றும் கேட்டாலோ, துணி அடுக்கு விட்டிருக்கிறது. அதைத் திருத்தாமல் வெளியே பூசினால் அடுத்த கோடையில் அதே வெடிப்பு திரும்ப வரும்.

உள்ளே சரியென்றால், ஒவ்வொரு வெடிப்பையும் சிறு சுழல் கருவியால் V வடிவில் திறக்க வேண்டும். மயிர்க்கோட்டுக்குள் ஜெல்கோற் இறங்காது. மேலே பாலம் போல நிற்கும், பிறகு விழும். ஜெல்கோற் பொதுவாக அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். பச்சை முடிந்து துணி தெரியத் தொடங்கினால் நிறுத்துங்கள். 120 தாளால் விளிம்பைச் சாய்த்து, அசிற்றோனால் துடையுங்கள்.

20 கிராம் ஜெல்கோற் போதும். ஹாடினர் (எம்.ஈ.கே.பி.) 2 வீதம், அதாவது 0.4 கிராம். துளி எண்ணாதீர்கள், போத்தலுக்குப் போத்தல் துளியின் பருமன் வேறு. 1 மில்லி சிறிஞ் எடுத்து 0.35 மில்லி விட்டால் கணக்குச் சரி. 1 வீதத்துக்குக் குறைந்தால் எத்தனை நாள் விட்டாலும் முழுதாக இறுகாது. 3 வீதத்துக்கு மேல் போனால் சீக்கிரம் இறுகும், ஆனால் உடையும் தன்மையும் நிறமாற்றமும் வரும். குளிருக்குக் கூட்டி ஊற்றுவதை விட வள்ளத்தைச் சூடாக்குவது நல்லது.

சாதாரண ஜெல்கோற் காற்றுப் பட்டால் மேற்பரப்பு காயாது. எத்தனையோ பேர் "என் ஜெல்கோற் பழுது, ஒட்டுது" என்று எழுதுவதற்கு இதுதான் காரணம். அச்சில் அடிக்கும்போது அந்தப் பக்கம் அச்சோடு ஒட்டியிருக்கும், காற்றுப் படாது. திருத்தும்போது மெழுகுக் கரைசல் கலந்த ஜெல்கோற் வாங்குங்கள், அல்லது நிரப்பியதும் மேலே தெளிந்த பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டிக் காற்றை வெளியே நீவி விடுங்கள். தாள் ஒட்டினால் மட்டமும் பாதி அங்கேயே வந்துவிடும்.

நிறம் பொருத்துவதற்குச் சிறிது கலந்து, ஹாடினர் போடாமல், வள்ளத்தின் மினுக்கிய ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். வெய்யிலில் வெளுத்த பச்சையோடு பொருத்தினால் பிறகு மினுக்கும்போது ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். ஆகவே முதலில் சுற்றுப்புறத்தை மினுக்கிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீரோடு 320, 600, 1000, பிறகு ரபிங் கொம்பவுண்ட் (மினுக்கும் பசை). தாளைக் கையில் பிடிக்காமல் ஒரு சிறு தட்டையான றப்பர்த் துண்டில் சுற்றுங்கள். விரலால் தேய்த்தால் புது ஜெல்கோற்றை விடச் சுற்றியிருக்கும் பழையதுதான் குழியும்.

நாகைக்கரை

நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு வேலை பார்க்கிறவங்க கைப்பழக்கத்திலேருந்து ரெண்டு மூணு விஷயம். கெவ்லருக்கு இல்லை, மச்சான் படகுக்கு.

துணி அடுக்கு விட்டிருந்து உள்ளே ஒட்டுப்போட வேண்டி வந்தா, எப்பாக்ஸியோட சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (நறுக்கின கண்ணாடி இழை விரிப்பு) போடாதீங்க. அந்த மேட்ல இழைகளைக் கோர்த்துப் பிடிச்சிருக்கிற பசை, பாலியஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ல கரையறதுக்குன்னே போட்டது. எப்பாக்ஸில ஸ்டைரீன் கிடையாது. மேட் விறைப்பா நிக்கும், மூலைல படியாது, உள்ளே வெள்ளை வெள்ளையா காத்து நிக்கும். எப்பாக்ஸின்னா நெய்த துணி. மேட் கட்டாயம்னா பாலியஸ்டர், இல்லை வினைல் எஸ்டர்.

ரெசின் தனியா, கோபால்ட் (இறுகறதை வேகப்படுத்தறது) தனியா, கேட்டலிஸ்ட் (நீரோடி சொன்ன எம்.ஈ.கே.பி. ஹாடினர்) தனியா வாங்குறவங்களுக்கு ஒண்ணு: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல போட்டு நல்லாக் கலக்கி, அதுக்கப்புறம்தான் கேட்டலிஸ்ட். ஒரே கரண்டியை ரெண்டு டப்பாலயும் விடக் கூடாது. கனடால கடையில கிடைக்கிற ரெசின்ல பெரும்பாலும் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கும், டப்பாவைப் படிச்சுப் பார்த்துக்குங்க. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம கலக்காதீங்க. பட்டுட்டா தண்ணில கால் மணி நேரமாவது கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

எங்க ஊர்ல 34 டிகிரி வெயில்ல கேட்டலிஸ்ட் 1 சதவீதத்துக்கு இறக்கிடுவாங்க. நீரோடி சொன்ன 2 சதவீதம் உங்க ஊர் குளிருக்குச் சரி, எங்க ஊர்ல படிக்கிற யாரும் அதை அப்படியே எடுத்துக்காதீங்க. கப்புலயே இறுகிப் புகையும்.

துடுப்புக்காரன் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. ஈரத்துணி வைச்சுப் பார்த்தன். கல்லாறு அண்ணை சொன்ன மாதிரி முக்கால்வாசிக் கோடு மறைஞ்சிட்டுது. கறுக்கிறது அந்த ரெண்டு கீறலும் அணியமும்தான்.

மூண்டு கேள்வி. அணியத்துக்குக் கடையிலை விக்கிற கெவ்லர் பெல்ற் (felt, தடிச்ச கம்பளி மாதிரி) ஸ்கிட் பிளேற் (உரசுற இடத்துக்குக் காப்பு) ஒட்டலாமோ? ரெண்டாவது, நீளமான கீறலுக்கு நேரா உள்பக்கத்திலை ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரியுது, நகம் மாட்டாது. மூண்டாவது, பதிலைப் பார்க்க முதலே பஞ்சிலை ஒருக்கா 120 தாள் போட்டுப்போட்டன். இப்ப அது முந்தியை விடப் பெருசா நிக்குது.

கல்லாறு

மூண்டாவதிலை இருந்து வாறன். தேய்ச்சது தேய்ச்சதுதான், பெரிய நட்டம் இல்லை. பஞ்சை றெசினிலை ஊற வைச்சு, பொலித்தீன் வைச்சு அமத்திக் காயவிடுங்கோ. காய்ஞ்சாப் பிறகு அந்த மேட்டிலை நிக்கிறது பஞ்சு இல்லை, றெசினிலை விறைச்ச நூல். அதைக் கூரான அலகாலை சீவ ஏலும். சீவின முனைகள் திரும்பவும் வெளியிலை தெரியும், அதுக்கு மேலை ரெண்டாவது மெல்லிய பூச்சு. அந்த ரெண்டாவது பூச்சிலை மட்டும் தாள் போடுங்கோ.

உள்பக்க வெள்ளைக் கோட்டை வடிவாப் பாருங்கோ. வெளியிலை கல்லு இடிக்கேக்கை உள்பக்கத் துணிதான் இழுபடும். கெவ்லருக்கு இழுவையிலை நல்ல பலம், அமத்தத்திலை குறைவு. பெருவிரலாலை உள்ளுக்கையிருந்து அமத்தினால் பக்கத்து இடத்தை விட மெத்தெண்டு உள்ளை போகுதோ? போகாட்டி அது றெசின் மட்டும் வெடிச்ச கோடு, ஒரு துளி எப்பொக்சி போட்டு விடலாம். போச்சுதெண்டால் உள்பக்கம் கெவ்லர் ஒட்டு வேணும்: கோட்டுக்கு எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் தள்ளி, மூலை வட்டமா வெட்டின ஒரு துண்டு. கூர் மூலை வைச்சால் அதிலையிருந்துதான் கிளம்பும். கெவ்லரைச் சாதாரண கத்திரிக்கோல் மென்று விடும். நுண்பல் உள்ள கத்திரிக்கோல் தேடுங்கோ. வெளிப்பக்க ஒட்டுக்கு எப்பவும் கண்ணாடித் துணி. அதைத் தேய்ச்சு மட்டமாக்க ஏலும்.

பெல்ற் பிளேற் பற்றி என்ரை அபிப்பிராயம்: வேண்டாம். அந்தத் தடிச்ச பெல்ற் றெசினை அளவில்லாமல் குடிக்கும். ரெண்டு முனையிலும் போட்டால் ரெண்டு இறாத்தலுக்குக் கிட்ட ஏறும், விளிம்பு படி மாதிரி நிண்டு தண்ணியைக் கிழிக்கும். தேய்ஞ்சு அணியம் ஓட்டை விழுற நிலைமையிலை இருக்கிற வாடகை வள்ளத்துக்குச் சரி. உங்கடைக்கு ரெண்டு அடுக்கு 6 அவுன்ஸ் கண்ணாடித் துணி, சதுர மீற்றருக்கு 200 கிராம் வரும் துணி, போதும். இழை 45 பாகையிலை சரிஞ்சு வாற மாதிரி வெட்டினால் அணியத்தின்ரை வளைவிலை மடிப்பு விழாமல் படியும். சின்னத் துண்டு முதல்லை, அதை முழுக்க மூடுற பெரிய துண்டு மேலை. ஈரமா இருக்கேக்கையே மேலை பீல் பிளைத் துணி போட்டு நீவுங்கோ. அடுத்த நாள் உரிச்செடுத்தால் விளிம்பு தானாச் சரிஞ்சிருக்கும், பிசுபிசுப்பும் துணியோடை போயிடும், தேய்க்கிற வேலை பாதி குறையும். கலவை மிஞ்சினால் கப்பிலை குவிச்சு வைக்காதேங்கோ, சூடேறிப் புகைக்கும். ஒரு தட்டையான தட்டிலை ஊத்தி விடுங்கோ.

நீரோடி

பெல்ற் பற்றி அண்ணையோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. ஒவ்வொரு தடவையும் வள்ளத்தைக் கரைக் கல்லில் ஏற்றி நிறுத்துகிறவருக்கு 200 கிராம் துணி ஒரு கோடைக்குத்தான் தாங்கும். அப்படியானவர் மேல் பூச்சு எப்பொக்சியில் கிராபைட் பொடி கலந்து பூசலாம். கறுப்பாகத் தெரியும், ஆனால் வழுக்கும், வெய்யிலையும் மறைக்கும். அதற்கு மேல் வாணிஷ் வேண்டியதில்லை.

இன்னொன்று: 207 ஹாடினர் போட்ட எப்பொக்சி அடுத்த நாளே கல் மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முழுப் பலம் வர 22 பாகையில் நாலு நாள், உங்கள் கராஜில் ஒரு கிழமை. அதுவரை காரின் கூரையில் பட்டியை இறுக்கிக் கட்டாதீர்கள், தண்ணீரிலும் இறக்காதீர்கள். ஜெல்கோற் திருத்திய மச்சானின் வள்ளம் இரண்டாம் நாளே தண்ணீருக்குப் போகலாம்.

துடுப்புக்காரன் (ஸ்காபரோ)

பெருவிரலாலை அமத்திப் பார்த்தன், மெத்தெண்டு போகேல்லை. அப்ப உள்பக்கத்துக்கு ஒரு துளி மட்டும். சனிக்கிழமை பகலிலை 19 பாகை எண்டு போட்டிருக்கு, அண்டைக்கே கீறலைத் தொடங்குறன். அணியத்தைப் பிறகு செய்யலாம், பீல் பிளை இன்னும் வாங்கேல்லை.